எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள்; மூட்டு ஏன் நிலைகொள்ளவில்லை?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “என் மகளுக்கு வயது 19. கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறாள். இரண்டு மாதங்களுக்கு முன் ரெய்டு போய்த் திரும்பும்போது, யாரும் தொடாமலேயே, வலது முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டதாகச் சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, ஜவ்வுதான் லேசாகப் பாதித்திருக்கும் என்று கிரேப் பேண்டேஜ் கட்டி அனுப்பினார்கள். இப்போது வலியும் இல்லை, வீக்கமும் இல்லை, நன்றாக நடக்கிறாள். ஆனால் மாடிப்படி இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முட்டி நழுவுகிறது என்கிறாள். அடுத்த மாதம் போட்டி. ‘நீ கேப்’ எனும் முட்டியுறையைப் போட்டுக்கொண்டு ஆடலாம் என்கிறார் பயிற்சியாளர். எனக்கும் பள்ளிக் காலத்திலிருந்தே இடது கணுக்கால் அடிக்கடி பிசகும். சமதரையில் நடக்கும்போதுகூடப் பிசகுகிறது. என் கணவர் மினி லாரி ஓட்டுகிறார், சரக்கும் அவரே இறக்குவார். முதுகுவலிக்காக ஒரு வருடமாகப் பெல்ட் போட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்துக்கே ஜவ்வு பலவீனமா? ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?”

சகோதரி அவர்களுக்கு வணக்கம். மகளைப் பற்றிய செய்திதான் அவசரமானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவர் அந்த முழங்காலைக் கையால் பரிசோதித்து முடிவு சொல்லும் வரை உங்கள் மகள் கபடிக் களத்தில் இறங்கக் கூடாது. நீ கேப் போட்டுக்கொண்டும் இறங்கக் கூடாது. அது முட்டிக்குச் சூடும் இதமான அழுத்தமும் தரும் துணியுறைதான். நழுவும் எலும்பைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்கு இல்லை. அடிபடாமலேயே காயம், உள்ளே கேட்ட சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கம், பிறகு திரும்பும்போதெல்லாம் நழுவல் ஆகிய நான்கும் ஒரே முழங்காலில் சேர்ந்து வந்தால், ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவைத் தசைநார் (எலும்பை எலும்போடு இணைக்கும் நார்; ஜவ்வு என்று நீங்கள் சொல்வது இதைத்தான்) கிழிந்திருக்கலாம் என்பதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மூட்டில் சாதாரண நீர் கோத்து வீங்குவதற்குப் பொதுவாக ஒரு நாள் ஆகும். ஓரிரு மணி நேரத்தில் வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள்.

எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. எலும்பில் ஒன்றுமில்லை என்று சொன்னது உண்மைதான், ஆனால் அது பாதிப் பதில். ஜவ்வுதானே என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எலும்பு முறிந்திருந்தால் ஆறு வாரம் ஓய்வு கொடுத்து, மீண்டும் படம் எடுத்து, சேர்ந்துவிட்டதா என்று பார்த்துத்தான் களத்துக்கு அனுப்புவோம். தசைநார் அறுந்த பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, வலி நின்றதை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறோம்.

முழங்காலின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது ஏன் தவறு என்பது புரியும். தொடை எலும்பின் உருண்ட இரு முனைகள், கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேற்பரப்பில் அமர்ந்திருக்கின்றன. இடுப்பு மூட்டில் இருப்பதைப் போன்ற ஆழமான குழி இங்கே கிடையாது. ஆகவே எலும்பின் வடிவத்தால் மட்டும் இந்த மூட்டு நிலைகொள்ள முடியாது. இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக இரண்டு தசைநார்களும், மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் இரண்டு சிலுவைத் தசைநார்களும், மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்புகளும், சுற்றியுள்ள தசைகளும் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன. முன் சிலுவைத் தசைநாரின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமலும் அளவுக்கு மீறித் திரும்பிவிடாமலும் தடுப்பது அதன் வேலை. இறந்த இளம் வயதினரின் முழங்கால்களை வைத்து சேவியோ வூ குழுவினர் 1991ல் வெளியிட்ட அளவீட்டின்படி, அது அறுபடுவதற்குச் சுமார் 2,160 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 220 கிலோ எடைக்குச் சமமான இழுவை தேவைப்பட்டது. இவ்வளவு வலிமையான நார் யாரும் தொடாமல் எப்படி அறும் என்று நீங்கள் கேட்கலாம். ரெய்டு போனவர் பிடிக்குத் தப்பித் திரும்பும்போது பாதம் மண்ணில் ஊன்றியிருக்கிறது. உடல் கோட்டை நோக்கித் திரும்புகிறது. முட்டி சற்றே மடங்கி உள்பக்கமாகச் சாய்கிறது. அந்த நிலையில் முன்தொடைத் தசை முழு பலத்தோடு கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்க, பின்தொடைத் தசை தக்க நேரத்தில் எதிர்த்து இழுக்கத் தவறினால், சுமை முழுவதும் அந்த ஒரு நாரின் மேல் விழுகிறது.

இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது எம்.ஆர்.ஐ. அல்ல, பழகிய இரண்டு கைகள். மகளைப் படுக்க வைத்து, முழங்காலை 20 முதல் 30 டிகிரி வரை மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். இதற்கு லாக்மன் பரிசோதனை என்று பெயர். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் லாக்மனின் பெயரால் 1976ல் வெளியான கட்டுரை வழியாகப் பரவியது. நார் முழுதாக இருந்தால், இழுப்பு ஒரு இடத்தில் ‘டக்’கென்று நிற்பதைக் கை உணரும். அறுந்திருந்தால் எலும்பு மெத்தென்று முன்னால் வந்துகொண்டே இருக்கும், நிற்கும் இடமே தெரியாது. வலியில்லாத மற்ற முழங்காலிலும் இதைச் செய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். இந்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்த பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ., நாரை மட்டுமல்லாமல் மெனிஸ்கஸின் நிலையையும் காட்டும். சிகிச்சை முடிவில் பல வேளைகளில் மெனிஸ்கஸின் நிலையே பெரிய காரணமாக அமைகிறது.

ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா என்ற கேள்விக்கு இரண்டு பகுதிகளாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முழங்காலின் உள்பக்கத் தசைநார் கிழிந்தால், அது மூட்டுக்கு வெளியே இருப்பதால், அங்கே உறையும் இரத்தமே தழும்புத் திசுவாக மாறிக் கிழிசலை இணைக்கிறது. மூட்டு ஆட்டம் காணாமல் ஆதரவுப் பட்டை போட்டு, படிப்படியான பயிற்சி கொடுத்தாலே பெரும்பாலும் போதும். ஏ.சி.எல். மூட்டின் உள்ளே, மூட்டுநீருக்கு நடுவே இருக்கிறது. அங்கே இரத்தம் உறைந்து பாலமாக நிற்பது கடினம் என்பதால், முழுதாக அறுந்தது தானாகச் சேர்வதைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் அறுந்த எல்லோருக்கும் உடனே அறுவை தேவை என்பதல்ல. சுவீடனில் இளம் வயதினர் 121 பேரை வைத்து நடந்து 2010ல் வெளியான ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்களும், முதலில் உடற்பயிற்சி சிகிச்சை எடுத்துத் தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவைக்குப் போகலாம் என்று விடப்பட்டவர்களும் இரண்டு ஆண்டுகளின் முடிவில் ஏறக்குறைய ஒரே அளவில் நலமாக இருந்தார்கள். இரண்டாம் பிரிவினரில் பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் அறுவைக்குப் போனார்கள்; மறுபாதியினருக்கு அது தேவைப்படவே இல்லை.

உங்கள் மகளின் நிலையில் என் கருத்து இதுதான். கபடியை விட்டுவிட்டு, நேராக நடப்பது, சைக்கிள், நீச்சல் போன்றவற்றோடு நிறைவடைவார் என்றால் மூன்று மாத முறையான பயிற்சி சிகிச்சையை முதலில் முயன்று பார்க்கலாம். கபடியில் தொடர வேண்டும் என்பது அவருடைய உறுதியான விருப்பமாக இருந்து, நழுவலும் நிற்கவில்லை என்றால், அறுந்த நாரின் இடத்தில் வேறு திசுவைப் புதிய நாராகப் பொருத்தும் மறுசீரமைப்பு அறுவைதான் நியாயமான வழி. இந்த முடிவை எடுக்க வேண்டியவர் உங்கள் மகள். பயிற்சியாளரும் அல்ல, சொந்தக்காரர்களும் அல்ல. நழுவிக்கொண்டே இருக்கும் முட்டியோடு ஆடுவது மட்டும் எந்த வழியிலும் சேராது, ஏனென்றால் ஒவ்வொரு நழுவலிலும் தொடை எலும்பு மெனிஸ்கஸை நசுக்குகிறது. இன்று ஒரு நாரோடு நிற்கும் காயம், நாளை குருத்தெலும்புத் தேய்மானமாக வளரக்கூடும். அறுவை செய்துகொண்டாலும் ஒன்பது மாதங்களுக்கு முன் களத்துக்குத் திரும்பக் கூடாது. நார்வேயில் நடந்து 2016ல் வெளியான ஆய்வொன்று, ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் காயமடையும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. புதிதாகப் பொருத்திய நார் மூட்டுக்குள் உயிர்பிடித்து உறுதியாவதற்கு அவ்வளவு காலம் வேண்டும்.

அதற்காகப் பயந்துபோய் மகளைக் கட்டிலிலேயே கிடத்திவிடவும் வேண்டாம். குரங்குகளின் முழங்காலை எட்டு வாரம் அசையாமல் கட்டி வைத்து ஃபிராங்க் நாயஸ் 1974ல் வெளியிட்ட ஆய்வில், காயமே படாத முன் சிலுவைத் தசைநாரின் வலிமைகூட ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துபோயிருந்தது. அது பெருமளவு மீண்டுவர ஓர் ஆண்டு பிடித்தது. தசைநார் தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. ஆகவே முட்டியை முழுமையாக நீட்டி, முன்தொடைத் தசையை இறுக்கிப் பத்து விநாடி பிடித்துத் தளர்த்தும் பயிற்சியை இன்றே தொடங்கலாம். அறுவைக்குப் போவதாக இருந்தாலும், கால் முழுதாக நீளும் நிலையிலும் தொடைத் தசை தேறிய நிலையிலும் போகிறவர்களே பின்னால் நன்றாக மீள்கிறார்கள்.

இனி உங்கள் கணுக்கால். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் அதைப் பொறுத்துக்கொண்டு வந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வெளிக் கணுவிலிருந்து பாதத்துக்கு மூன்று நார்கள் செல்கின்றன. அவற்றில் முன்புறமாகச் செல்வதே மிகவும் மெலிந்தது, பெரும்பாலான சுளுக்குகளில் முதலில் கிழிவதும் அதுவே. உள் கணுவின் நார் அகலமாகவும் தடிப்பாகவும் இருப்பதால், கால் வெளிப்பக்கமாகப் பிசகுவது மிகக் குறைவு. இதில் எலும்புக்கும் பங்கு உண்டு: இரண்டு கணுக்களுக்கும் நடுவே பொருந்தியிருக்கும் டேலஸ் என்ற எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கிறது. பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது அகலமான பகுதி கணுக்களுக்கு இடையே இறுகிப் பொருந்துகிறது. விரல்களில் ஊன்றி நிற்கும்போதும், படியில் இறங்கும்போதும், உயரமான செருப்பு போடும்போதும் குறுகலான பகுதி அங்கே வருவதால், மூட்டைக் காக்கும் பொறுப்பு முழுவதும் நார்களின் மேல் விழுகிறது. கால் பெரும்பாலும் அந்த நொடியில்தான் உள்நோக்கிப் புரள்கிறது.

ஒருமுறை கிழிந்து ஆறிய நார் சற்று நீண்டு, பழைய கயிற்றுக்கட்டில் தொய்ந்ததைப் போல, தொய்வாக ஆறியிருக்கலாம். ஆனால் சமதரையில் நடக்கும்போதுகூடப் பிசகுவதற்கு அந்தத் தொய்வு மட்டும் காரணமாக இருப்பது அரிது. தசைநாருக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்ற செய்தியை அவை தண்டுவடத்துக்கும் மூளைக்கும் அனுப்புகின்றன; அதைக் கொண்டு கெண்டையின் வெளிப்பக்கத் தசைகள் பாதத்தை நிமிர்த்துகின்றன. நார் கிழியும்போது இந்த நரம்பு முனைகளும் சேதமடைகின்றன. 1965ல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃப்ரீமனும் அவருடைய உடன்பணியாளர்களும் இதை எடுத்துச் சொல்லி, ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகியவர்களுக்குக் கால் நழுவும் தொல்லை குறைவாக இருந்ததைக் காட்டினார்கள். சுளுக்குக்குப் பிந்தைய சமநிலைப் பயிற்சிக்கு அந்த ஆய்வுகளே அடித்தளம்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, சுவரைத் தொடாமல், வலது காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். பிறகு இடது காலில் நில்லுங்கள். அடுத்து இரண்டையும் கண்களை மூடிக்கொண்டு செய்யுங்கள். இடது காலில் நிற்கும்போது வெளிக் கணுவின் பின்னால் நரம்புபோல் ஓடும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைப்பவை) துடிதுடிப்பதும், கண்ணை மூடியதும் சில விநாடிகளில் கால் தரையைத் தேடுவதும் தெரிந்தால், குறை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கே புரியும். அந்தச் சோதனையே மருந்தும் ஆகும். தினமும் காலையிலும் மாலையிலும் ஒற்றைக் காலில் நிற்பது, அது எளிதானதும் மடித்த பாய் அல்லது தலையணை மேல் நிற்பது, பிறகு நின்றபடியே ஒரு பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது என்று ஆறு முதல் எட்டு வாரம் கூட்டிக்கொண்டே போங்கள். கூடவே, ஒரு ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுத்துப் பழகுங்கள். இவ்வளவுக்கும் பிறகு பிசகுவது நிற்கவில்லை என்றால்தான் நாரை இறுக்கும் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

புதிதாகப் பிசகும் நாளில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விடுவதையும் ‘சுளுக்கு எடுப்பதையும்’ தவிர்த்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் இரத்தக் கசிவு அதிகமாகும். துணியில் சுற்றிய ஐஸ், மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான கட்டு, கால் உயர்த்தி வைத்தல் ஆகியவை முதல் இரண்டு நாட்களுக்குப் போதும். எக்ஸ்ரே தேவையா என்பதை முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவாவில் 1992ல் வகுத்த விதிகள் இருக்கின்றன: அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்புகளின் பின் ஓரத்தில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள்ளோ, பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ, பாதத்தின் உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பிலோ விரலால் அழுத்தும்போது வலித்தாலோ படம் எடுத்தாக வேண்டும்.

உங்கள் கணவரின் முதுகைப் பொறுத்தவரை, ஒரு கேள்விக்கான பதில்தான் முதலில் தெரிய வேண்டும்: சிறுநீர் கழிப்பதில் சிரமம், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, உட்காரும் பகுதியில் மரத்துப்போவது, காலில் வலுவிழப்பு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை இல்லாத வெறும் முதுகுவலிதான் என்றால் கீழே சொல்வது பொருந்தும்.

முதுகெலும்பின் முன்பக்கம் முழுவதும் ஓர் அகன்ற நார் ஓடி, பின்னால் வளைவதற்கு எல்லை வைக்கிறது. தண்டுவடக் குழாயின் உள்ளே வேறொரு நார் ஓடுகிறது; அது இடுப்புப் பகுதியில் குறுகிவிடுவதாலேயே முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு (டிஸ்க்) பெரும்பாலும் பின்பக்க ஓரமாகப் பிதுங்குகிறது. அடுத்தடுத்த முள்ளெலும்புகளை இணைக்கும் மஞ்சள் நார் மிகுந்த மீள்தன்மை உடையது. குனிந்து நிமிரும்போது மடிந்து தண்டுவடத்தை அழுத்தாமல் இருப்பதற்கு அந்தத் தன்மையே காரணம். இத்தனை நார்களும் இருந்தும், தசைகளை நீக்கிவிட்டு எலும்பும் நாருமாக மட்டும் நிற்கவைத்த இடுப்பு முதுகெலும்பு சுமார் 90 நியூட்டன், அதாவது 9 கிலோ சுமையிலேயே வளைந்து விழுந்துவிடும் என்று யேல் பல்கலைக்கழகத்தின் மனோகர் பஞ்சாபியும் அவருடைய உடன்பணியாளர்களும் 1992ல் வெளியிட்டார்கள். நம் மேலுடம்பின் எடையே அதைவிடப் பல மடங்கு. நார்கள் அசைவின் எல்லையில்தான் இறுகும். நடுவில் இருக்கும் நேரமெல்லாம் முதுகை நிறுத்துவது வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும்தான்.

உங்கள் கணவரின் வேலை முறையில் இதற்கு நேரடியான பொருள் இருக்கிறது. மணிக்கணக்கில் முதுகு வளைந்து உட்கார்ந்து ஓட்டும்போது பின்பக்க நார்கள் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகின்றன. இருபது நிமிடம் முழுதாகக் குனிந்து உட்கார்ந்தவர்களுக்கு, அரை மணி நேரம் கழித்தும் அந்தத் தளர்வு முழுவதும் மீளவில்லை என்பதைக் கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் 1992ல் அளந்து காட்டினார். அப்படித் தளர்ந்த முதுகோடு வண்டியிலிருந்து இறங்கியவுடன் மூட்டையைத் தூக்குவதுதான் இருப்பதிலேயே கெட்ட நேரம். இறங்கியதும் நிமிர்ந்து நின்று, இடுப்பில் கை வைத்துப் பின்னால் நான்கைந்து முறை மெல்ல வளைந்து, பத்து நிமிடமாவது நடந்து, ரசீதும் கணக்கும் பார்த்துவிட்டுப் பிறகு சரக்கில் கை வைக்கச் சொல்லுங்கள். மூட்டையை உடம்பை ஒட்டிப் பிடிக்கட்டும். குனிந்த நிலையில் இடுப்பைத் திருப்ப வேண்டாம், கால்களை நகர்த்தித் திரும்பட்டும். பெல்ட்டைப் பற்றி: அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு நிறுவனம் 1994லேயே அறிவித்துவிட்டது. ஒரே நாளில் கழற்றி எறிய வேண்டாம். முதலில் வீட்டிலும், பிறகு ஓட்டும் நேரத்திலும், கடைசியாகச் சரக்கு இறக்கும் நேரத்திலும் என்று குறைத்துக்கொண்டே வந்து, அதனுடன் தினசரி நடையும், இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் வயிறு, முதுகுப் பயிற்சிகளும் சேரட்டும்.

குடும்பத்துக்கே பலவீனமா என்று கேட்டீர்கள். மூவருக்கும் வெவ்வேறு காரணங்கள் தெளிவாகத் தெரிவதால், அப்படிக் கருத வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பிறவியிலேயே மூட்டுகள் இயல்புக்கு மீறி வளையும் உடல்வாகு சில குடும்பங்களில் உண்டு. அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுண்டுவிரல் பின்னால் 90 டிகிரிக்கு மேல் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் 10 டிகிரிக்கு மேல் வளைகின்றனவா என்று இரு பக்கமும் பார்த்து, ஆம் என்பதற்கு ஒவ்வொரு மதிப்பெண் போடுங்கள். முட்டியை மடக்காமல் குனிந்து உள்ளங்கை இரண்டையும் தரையில் பதிக்க முடிந்தால் ஒன்று. மொத்தம் ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் அந்த உடல்வாகு இருக்கலாம். மகளின் காயமடைந்த முட்டியை இதற்காக வளைத்துப் பார்க்க வேண்டாம். நல்ல காலை மட்டும் பாருங்கள். அவருக்கு எண்ணிக்கை கூடுதலாக வந்தால், அறுவை பற்றிப் பேசும் நாளில் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். புதிய நாருக்கு எங்கிருந்து திசு எடுப்பது என்பதையும், எவ்வளவு காலம் கழித்துக் களத்துக்கு அனுப்புவது என்பதையும் அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.